தாமதப் பதிவு

அந்த மருந்துக் கம்பெனியின் எம்.டி.க்கு ஊழியர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ஈரப்பதம். அது அவர் காதுக்கு எட்டவில்லை என்று எண்ணூறு பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பது பெரிய பதவியின் பாதி வேலை.

பெயர் சும்மா வரவில்லை. எந்த அறைக்குள் போனாலும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், "ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்பார். மாத்திரை செய்கிற அறையில் கேட்டால் நியாயம். காற்றில் ஈரம் ஏறினால் மாத்திரை கெட்டுப்போகும். மனுஷன் கேன்டீனில் கேட்பார். ஊழியர் ஒருவரின் புது வீட்டைப் பார்க்கப் போனவர் கூடத்தில் நின்றுகொண்டு அதையே கேட்டாராம். வீட்டுக்காரர் பதில் தெரியாமல் சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டாராம்.

இருபத்திரண்டு வயதில் அதே கம்பெனியின் சோதனைக்கூடத்தில் கடைசி ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். மாத்திரையை ஒரு சின்ன இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து, எவ்வளவு அழுத்தினால் உடைகிறது என்று பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும். அதுதான் வேலை. மூன்று வருஷம் உடைத்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் சலித்துப்போய் விற்பனைப் பிரிவுக்கு ஓடினார்கள். அவர் கையில் ஒரு மாத்திரையைக் கொடுத்தால் போதும், விரலால் உருட்டியே அது எட்டா, ஒன்பதா என்று சொல்லிவிடுவார். இயந்திரமும் அதைத்தான் சொல்லும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. மருந்துக் கம்பெனியில் எழுதியது எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். எழுத மறந்துவிட்டால், நினைவு வந்த நாளில், அந்த நாளின் தேதியிலேயே 'தாமதப் பதிவு' என்று தலைப்பிட்டுக் காரணத்தோடு எழுத வேண்டும். நேற்று எழுத வேண்டியதை இன்று உட்கார்ந்துகொண்டு நேற்றுத் தேதியில் எழுதுவதுதான் மகாபாவம். வெளியில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு வேலை போகிற விஷயம்.

இதில்தான் தொப்பியின் வேலை போனது. தொப்பி என்பது அவருடைய ஒரே சிநேகிதன். சோதனைக்கூடத்தில் போட வேண்டிய துணித்தொப்பியைச் சாப்பாட்டு நேரத்திலும் கழற்ற மாட்டான். வழுக்கையை மறைக்கத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து, ஒருவர் டப்பாவை ஒருவர் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். பிறகு இவர் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஆனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிர் அறையின் டிகிரியைக் குறிக்க மறந்த தொப்பி, திங்கட்கிழமை காலையில் வந்து, ஞாயிறு தேதி போட்டு 'நான்கு' என்று எழுதிவிட்டான்.

"எப்பவும் நாலுதானேடா இருக்கும்!" என்றான் தொப்பி.

"தாமதப் பதிவுன்னு எழுதியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காதே. ஏன்டா இப்படிப் பண்ணின?"

"நீ என்னைக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டிட்டு விட்டிருக்கலாம். மேல எழுதிப் போட்டுட்டியேடா."

எழுதித்தான் போட்டார். தொப்பி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சட்டப்படி இவர் செய்தது சரி. அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து அவர் பக்கத்தில் டப்பாவைத் திறக்க ஒரு ஆளும் வரவில்லை. சரியாக நடந்துகொண்ட மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்குத் தைரியம் வரும்? தொழிற்சாலைத் தலைவர் ஆனார், இயக்குநர் ஆனார், ஐம்பத்தொரு வயதில் எம்.டி. ஆனார். ஒவ்வொரு மாடி ஏறும்போதும் மேசை பெரிதாகிக்கொண்டே போனது; சாப்பிடுகிற ஆள் ஒருவர்தான்.

வீட்டிலும் அப்படித்தான். மகளுக்குப் பிரசவம் என்று மனைவி வெளிநாட்டுக்குப் போனாள். பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. அவள் திரும்பி வருவதும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் கார் ஓட்டிக்கொண்டே போன் பண்ணுவாள். வண்டி நிறுத்துமிடம் வந்ததும், "சரிப்பா, வெச்சிடுறேன், உடம்பப் பாத்துக்கோங்க" என்பாள். பன்னிரண்டு நிமிஷம். அந்தச் சாலையில் வாகன நெரிசல் இருந்தால் பதினைந்து. மகள் ஊரில் நெரிசல் அதிகமாக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே அப்பா அவராகத்தான் இருப்பார்.

அவரிடம் மிச்சமிருந்தது ஒரு போன்.

தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்தபோது, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் 'புகாருக்கு' என்று ஒரு எண் போட வேண்டியிருந்தது. தன் மேசை எண்ணையே கொடுத்தார். அந்தச் சாம்பல் நிற போன் அவரோடு ஒவ்வொரு அறையாக மாறி, கடைசியில் எம்.டி. மேசைக்கும் வந்து சேர்ந்தது. செகரட்டரி அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. மணி அடித்தால் அவரே எடுத்து, "புகார்ப் பிரிவு" என்பார். "நோயாளியின் குரலை நான் நேராகக் கேட்க வேண்டும்" என்று கூட்டங்களில் காரணம் சொல்வார், கைதட்டல் விழும். உண்மை அதுவல்ல. எம்.டி.யிடம் பேசுகிறவர்கள் எல்லோரும் வார்த்தையை வாசலிலேயே சீவிச் சிங்காரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். இந்த போனில் பேசுகிறவர்கள்தான் மனிதரிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அது அவருக்கு வேண்டியிருந்தது.

அப்படி ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்தான் டெய்லரம்மா. எழுபது வயதை நெருங்குகிறவர். பள்ளி யூனிஃபார்ம் தைத்துப் பிழைப்பு. கூட இருப்பது ஒரே தம்பி. அவருக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு நோய். கம்பெனியின் வலிப்பு மாத்திரையில் காலையில் அரை, ராத்திரி ஒன்று. முதல் தடவை கூப்பிட்டது, அட்டையின் தகட்டைப் பிய்க்க முடியவில்லை என்று சண்டை போட. அவர் முறையாகப் பதிவேட்டில் எழுதி, பதில் சொன்னார். அடுத்த மாதம் மாத்திரை வாங்கியதும் மறுபடி கூப்பிட்டு அதே சண்டை. பிறகு அது வழக்கமாகிவிட்டது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, பதினொரு மணி. போனை எடுப்பது ஒரு கிளார்க் என்று டெய்லரம்மா நினைத்துக்கொண்டார், இவரும் திருத்தவில்லை.

"என்ன கிளார்க்கு, இன்னும் உங்கள வேலையவிட்டுத் தூக்கலையா?"

"எங்க எம்.டி.க்கு என்னைப் பார்த்தா பயம்மா."

"அந்தாளு யாரு, எப்பவும் மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கறவரா?"

"அவரேதான்."

தகட்டில் ஆரம்பித்து, தையல் இயந்திரத்தின் மோட்டார், தம்பி ரேடியோவோடு போடும் வாக்குவாதம், மழையில் நனைந்த துணி என்று அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணிக்கு எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாது. டெய்லரம்மாவின் அழைப்பைப் பதிவேட்டில் எழுதுவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே நினைவில்லை. தகடு பற்றிய சண்டையை எத்தனை தடவைதான் எழுதுவது?

இப்படி இருக்கும்போது ஒரு முதல் திங்கட்கிழமை டெய்லரம்மா சொன்னார்: "இந்தத் தடவ தகடு பரவால்ல கிளார்க்கு. மாத்திரைதான் கல்லு மாதிரி இருக்கு. பாதியா உடைக்கவே முடியல. துணி வெட்டுற கத்தரியால வெட்டினேன்னா பாருங்களேன்."

"வயசானா எல்லாம் கெட்டியாயிடும்மா. எங்க எம்.டி.யப் பாருங்க."

டெய்லரம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. இவரும் சிரித்தார். அன்று முழுக்க அந்த நகைச்சுவையை நினைத்து நினைத்துத் தனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் மாத்திரை உடைத்த ஆள், கேன்டீனில் ஈரப்பதம் கேட்கிற ஆள், ஈரம் ஏறினால் அந்த மாத்திரை கல்லாகும், கல்லானால் வயிற்றில் கரையாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த ஆள். அவர் காதில் அது விழவே இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் யாராவது போனை எடுத்திருந்தால் பேட்ச் எண்ணைக் கேட்டு எழுதியிருப்பாள்.

அடுத்த முதல் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு போன் அடிக்கவில்லை. பதினொன்றரைக்கு ரிசீவரைத் தூக்கி, லைன் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மறுநாளும் பார்த்தார்.

அந்த வாரங்களில் கம்பெனியே பரபரப்பாக இருந்தது. ஒரு பெரிய நிறுவனம் இவர்களை வாங்கப் போகிறது. வியாழக்கிழமை கையெழுத்து. வாங்குகிறவர்கள், எம்.டி. இன்னும் மூன்று வருஷம் தொடரட்டும் என்று சொல்லியிருந்தார்கள். அறுபத்திரண்டு வயது மனிதருக்கு அது பதவி ஆசை இல்லை. போவதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த அறை போனால் காலை எட்டு மணிக்கு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

கையெழுத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், சாம்பல் நிற போன் அடித்தது.

"கிளார்க்கு, திங்கட்கிழமை கூப்பிடலன்னு கவலப்பட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரில இருக்கோம். தம்பிக்கு வந்திருச்சு. பதினோரு வருஷமா எட்டிப் பார்க்காதது வந்திருச்சு. குளியலறையில விழுந்து மண்டையில அடி. இன்னும் சரியா பேச்சு வரல." டெய்லரம்மாவின் குரல் உடைந்தது. "எல்லாம் என் தப்பு. ஸ்கூல் திறக்கிற நேரம், முந்நூறு யூனிஃபார்ம். எங்கயோ ஒரு வேள மாத்திரைய விட்டுட்டேன் போல. நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், எந்த வேளன்னு தெரியல. அவன் வாயத் திறந்து காட்டிட்டு நிப்பான், நான்தான் போடுவேன். நான்தான் விட்டிருக்கேன்."

அவருக்கு அப்போதுதான் கத்தரி நினைவுக்கு வந்தது.

"அம்மா, அந்த அட்டை பக்கத்துல இருக்கா? பின்னால பேட்ச் நம்பர்னு இருக்கும். படிங்க."

"எதுக்கு அதெல்லாம் இப்போ?"

"படிங்கம்மா. அந்த அட்டைய இனிமே தொடாதீங்க."

ஒரே தடவையில் செய்கிற ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சத்தை ஒரு தனி அறையில் சாட்சிக்காக எடுத்து வைப்பார்கள். எம்.டி. தானே இறங்கிப் போய் அந்த அறையைத் திறக்கச் சொன்னார். அந்தப் பேட்சில் பத்து அட்டைகளை எடுத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனார். இளம் கெமிஸ்டுகள் எழுந்து நின்றார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்த அதே ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விரலில் உருட்டினார். முதல் ஏழு அட்டைகள் சரி. எட்டாவது அட்டையின் மாத்திரையை உருட்டியதுமே கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் அதை இயந்திரத்தில் வைத்தாள். எட்டில் உடைய வேண்டியது பத்தொன்பதில் உடைந்தது. அதன் ஜோடி மாத்திரையை வெந்நீர்க் கூடையில் போட்டுச் சுழலவிட்டார்கள். கால் மணியில் கரைய வேண்டியது. ஒரு மணி நேரம் அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அது உள்ளே போட்டபடியே கிடந்தது.

தேடிப் பார்த்ததில் காரணமும் தெரிந்தது. தகடு ஒட்டுகிற உருளை ஒன்றில் கீறல் விழுந்து, சில அட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதன் வழியே ஈரம்.

தரக் கட்டுப்பாட்டை இப்போது பார்த்துக்கொள்பவர் முப்பத்தைந்து வயது மேடம். கெட்டிக்காரி. பதிவேட்டோடு எம்.டி. அறைக்கு வந்தார்.

"சார், பேட்ச் முழுசையும் மார்க்கெட்டுல இருந்து திரும்ப எடுக்கணும். இன்னைக்கே கடிதம் போயிடும். புகார் வந்த தேதி இன்னைக்குன்னு போட்டுடவா?"

அவர் சாம்பல் நிற போனைப் பார்த்தார்.

"அந்தம்மா இன்னைக்குத்தானே சார் கூப்பிட்டாங்க?"

"இன்னைக்கும் கூப்பிட்டாங்க."

மேடம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இன்றைய தேதி பொய்கூட இல்லை. இன்றும் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அதைப் போட்டால், புகார் வந்த அன்றே பேட்சைத் திரும்ப எடுத்த கம்பெனி என்று நாளைக்கு வாங்க வருகிறவர்கள் மெச்சுவார்கள். முப்பத்தேழு நாளுக்கு முந்தின தேதியைப் போட்டால், வலிப்பு மாத்திரை கல்லாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சிரித்தவர் இந்தக் கம்பெனியின் எம்.டி. என்று பதிவேடு பேசும்.

"சார், நான் ஒண்ணும் கேட்கல. நீங்களும் ஒண்ணும் சொல்லல," என்றார் மேடம். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அவருக்குத் தொப்பியின் முகம் வந்தது. நாலுதானேடா இருக்கும். அதைவிட, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எந்த வேளையை விட்டோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு கிழவியின் முகம் வந்தது. அந்த முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பதிவேட்டைக் குடும்மா," என்றார்.

புகார் எண் நாற்பத்தொன்று. தாமதப் பதிவு. முதலில் வந்த நாள், அந்தத் திங்கட்கிழமை. புகாரைப் பெற்றவர், அவர் பெயர். பதிவு செய்த நாள், இன்று. கடைசிக் கட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தது. பேனாவின் மூடியைப் போட்டு மறுபடி கழற்றினார். பிறகு எழுதினார்: 'புகார் என்று நினைக்கவில்லை. பேச்சு என்று நினைத்துவிட்டேன்.' கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மேடம் பக்கம் திருப்பி வைத்தார். மேடம் படித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போனார்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. டெய்லரம்மா எண்ணுக்கு அவர் முதல் தடவையாக போன் பண்ணினார்.

"அம்மா, நீங்க ஒரு வேளகூட விடல. மாத்திரை கெட்டுப்போயிருக்கு. கரையல. நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். தப்பு எங்க மேல."

மறுமுனையில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேனே கிளார்க்கு."

"சொன்னீங்கம்மா."

"நீங்க சிரிச்சீங்களே."

"சிரிச்சேன்."

"நானும்ல கூடச் சேர்ந்து சிரிச்சேன்," என்றார் டெய்லரம்மா. பிறகு, "இதையெல்லாம் கிளார்க்கு எப்படிச் சோதிச்சீங்க? நீங்க யாரு?"

"நான்தாம்மா இந்தக் கம்பெனி எம்.டி."

அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ கிளார்க்குன்னு யாருமே இல்லையா?"

"இல்லம்மா."

போன் வைக்கப்பட்டது. அடித்து வைக்கவில்லை. மெதுவாகத்தான் வைத்தார். அது அவருக்கு இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நடந்தது. கம்பெனியை வாங்கினார்கள், எம்.டி. வேண்டாம் என்றார்கள். உடல்நலம் கருதி ஓய்வு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. டெய்லரம்மா தம்பியின் சிகிச்சை முழுதும் கம்பெனி பொறுப்பு என்று முடிவானது. தம்பி வீட்டுக்குப் போய்விட்டார், பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதுவரை கோப்பில் பார்த்தார். கடைசி இரண்டு வாரம் உட்கார்ந்து, புகார் போனை எடுக்கிறவர்களுக்கு மூன்று பக்கத்தில் விதி எழுதினார். போனை வைப்பதற்குள் பதிய வேண்டும். ஒருவர் விவரத்தை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. புகார் இல்லாத அழைப்பை இரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டும்.

வழியனுப்பும்போது ஊழியர்கள் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். பித்தளைச் சட்டம் போட்ட ஈரப்பத மீட்டர். "சார், கோவிச்சுக்காதீங்க," என்றான் இயந்திரம் ஓட்டுகிறவன். "எனக்கு ரொம்ப வருஷமாத் தெரியும்யா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இப்படி ஒரு சிரிப்புக்கு முப்பது வருஷம் முன்னாடியே வழி இருந்ததே என்று அவருக்கு அப்போது தோன்றியது.

மீட்டரைக் கூடத்தில் மாட்டினார். அறுபத்தொன்று காட்டியது. மறுநாள் அறுபது. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. காலை எட்டு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, பிறகு கழற்றி ஹேங்கரில் மாட்டுவார்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. பதினொன்று ஆக ஐந்து நிமிஷம் இருக்கையில் தன் இரத்த அழுத்த மாத்திரைப் பெட்டியிலிருந்து தாளை எடுத்தார். அதே கம்பெனி மாத்திரைதான். எண் மனப்பாடம், இருந்தாலும் தாளைப் பார்த்துத்தான் சுழற்றினார்.

"புகார்ப் பிரிவு, வணக்கம்," என்றது ஓர் இளம்பெண்ணின் குரல். "மாத்திரை பேரு, பேட்ச் நம்பர் சொல்லுங்க."

"புகார் இல்லம்மா. நாற்பத்தொண்ணாம் நம்பர் புகார்னு ஒண்ணு உண்டு. அந்த நோயாளி இப்போ எப்படி இருக்கார்னு தெரிஞ்சா..."

"அடுத்தவங்க விவரம் சொல்லக் கூடாதுங்க."

"சரி. அவரோட அக்கா கூப்பிடுறாங்களா? அதையாவது..."

"அதையும் சொல்லக் கூடாதுங்க. உங்களுக்கு ஏதாவது புகார் இருக்கா?"

நல்ல பெண். விதியைச் சரியாகப் படித்திருக்கிறாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது. யோசித்துப் பார்த்தார். அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிய்த்து விரலில் உருட்டினார். எட்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இல்லம்மா. எல்லாம் நல்லாதான் இருக்கு."

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?" இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

சொல்ல எவ்வளவோ இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஆக மூன்று நிமிஷம்.

"ஒண்ணுமில்லம்மா, வெச்சிடுறேன். பதினோரு மணிக்கு அந்த லைன் காலியா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.